சுருக்கத்தில் விட்டுப்போகும் வரி

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டியில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவளுக்கு எட்டாம் மாதம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 12.0 என்று இருந்தது. இளம் மருத்துவர் சீட்டைப் பார்த்தார், போனில் எதையோ தேடிப் படித்தார், "பதினொண்ணுக்கு மேல இருக்கு, பயமில்லை" என்றார். அவர் படித்தது ஒரு சிகிச்சை வழிகாட்டுதலின் சுருக்கம், ஒரே ஒரு பத்தி. பக்கத்தில் நின்ற மூத்த சிஸ்டர் மட்டும் மெதுவாக, "மேடம், நம்ம ஊருக்குன்னு கொஞ்சம் கழிக்கணும்னு சொல்வாங்களே?" என்று கேட்டார். மருத்துவர் மறுபடி போனைப் பார்த்தார். அந்தப் பத்தியில் உயரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிஸ்டர் கேட்டது சரியான கேள்வி. மலை ஏற ஏறக் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அதனால் சமவெளியில் போதும் என்று சொல்லும் அளவு மேலே போதாது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு திருத்த அட்டவணை வைத்திருக்கிறது. பழைய அட்டவணைப்படி 2,000 மீட்டர் உயரத்தில் வசிப்பவருக்கு, அளந்த எண்ணிலிருந்து டெசிலிட்டருக்கு 0.8 கிராம் கழிக்க வேண்டும். 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதல் 2,000 முதல் 2,499 மீட்டர் வரை 1.4 கிராம் கழிக்கச் சொல்கிறது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானலும் 2,000 மீட்டரைத் தாண்டியதுதான், அங்கேயும் இதே கணக்கு.

இப்போது போட்டுப் பாருங்கள். 12.0-இல் 0.8 போனால் 11.2. எட்டாம் மாதக் கர்ப்பிணிக்கு எல்லை 11 என்பதால் ரத்தசோகை இல்லை. 1.4 போனால் 10.6. அது லேசான ரத்தசோகை. பெண் ஒருத்திதான், ரத்தமும் ஒன்றுதான். மருத்துவர் கையில் கிடைத்தது எந்த ஆண்டின் வழிகாட்டுதல், உயரம் பற்றிய வரி அவர் கண்ணில் பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து அவளுக்கு ரத்தசோகை இருக்கிறது அல்லது இல்லை.

மருத்துவ ஆவணங்களைப் படித்து, மலைக் கிராமங்களில் வேலை பார்க்கும் சுகாதார ஊழியர்களுக்குத் தமிழில் பயிற்சிக் குறிப்புகள் எழுதித் தருவது என் வேலை. அதனால் சுருக்கங்களோடுதான் நாள் முழுதும் புழங்குகிறேன். ஒரு வழிகாட்டுதலின் சுருக்கம் எதைச் சொல்ல வேண்டும், நடைமுறையில் எதை விட்டுவிடுகிறது என்பது ஆய்விதழ் ஆசிரியர்களின் கவலை மட்டும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. கிண்ணக்கொரையிலும் மன்னவனூரிலும் இருக்கும் நோயாளியை அது நேராகத் தொடுகிறது.

முதலில் வழிகாட்டுதல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மருத்துவர்கள் வாயில் அது 'கைட்லைன்'. ஒரு நோய்க்கு எந்தச் சிகிச்சையை, யாருக்கு, எப்போது தரலாம் என்று நிபுணர் குழு ஒன்று கூடி எழுதித் தரும் பரிந்துரைகளின் தொகுப்பு. அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' 2011-இல் இதற்கு ஒரு வரையறை தந்தது. சான்றுகளை முறையாகத் திரட்டி ஆராய்ந்திருக்க வேண்டும், ஒவ்வொரு வழியிலும் உள்ள நன்மையையும் தீங்கையும் எடைபோட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பரிந்துரை. நாலு பெரியவர்கள் உட்கார்ந்து அனுபவத்தில் தோன்றியதைச் சொல்வது வழிகாட்டுதல் ஆகாது என்பது அந்த வரையறையின் சாரம்.

அப்படி எழுதப்படும் ஆவணம் சிறியதாக இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுக் கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டுதல் நூறு பக்கங்களைத் தாண்டும். காலையில் எண்பது பேர் வரிசையில் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை யார் திறந்து படிப்பது? பல ஆய்விதழ்களில் முழுக் கட்டுரைக்குக் காசு கட்ட வேண்டும். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தேடுதளத்தில் இலவசமாகக் கிடைப்பது சுருக்கம் மட்டும். மஞ்சூர் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். பிடிஎஃப் கோப்பு பாதியில் நிற்கும், சுருக்கம் மட்டும் எப்படியோ வந்து சேரும். ஆக, இருநூற்றைம்பது முந்நூறு சொற்களில் எழுதிய அந்தப் பத்திதான் நடைமுறையில் வழிகாட்டுதலாகவே ஆகிவிடுகிறது.

சுருக்கத்தை அப்படியே நம்பலாமா என்பதை வெகுகாலமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு ஆறு பெரிய மருத்துவ இதழ்களின் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, சுருக்கத்தில் உள்ள தகவல் உள்ளே உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தது. உள்ளே வேறு எண், அல்லது உள்ளே அந்தத் தகவலே இல்லை என்ற குறை, இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரையான சுருக்கங்களில் இருந்தது. 2014-இல் இன்னொரு சோதனை. புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வுகளின் சுருக்கங்களை, மிகைப்படுத்திய வடிவிலும் மிகையை நீக்கிய வடிவிலும் 300 மருத்துவர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். மிகைப்படுத்திய சுருக்கத்தைப் படித்தவர்கள் அந்தச் சிகிச்சை கூடுதல் பலன் தரும் என்று நம்பினார்கள். இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றியவை, வழிகாட்டுதல்களைப் பற்றியவை அல்ல. ஆனால் படிப்பவர் மனம் ஒன்றுதான்.

வழிகாட்டுதல் சுருக்கத்துக்கு ஒரு பழைய பிரச்சினை உண்டு. பலமுறை படித்துச் சலித்ததால் அதன் வார்ப்பு எனக்கு மனப்பாடம். இந்த நோய் முக்கியமானது என்று ஒரு வரி. நிபுணர் குழு கூடி ஆராய்ந்தது என்று ஒரு வரி. இத்தனை பரிந்துரைகள் உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி. இவை மருத்துவர்களுக்கு உதவும் என்று கடைசி வரி. படித்து முடித்தால் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை விட்டுவிட்டு உறவினர் பெயர்களை மட்டும் அச்சடித்த மாதிரி.

இடம் போதாததால்தான் இப்படி ஆகிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கர்ப்பிணிகளுக்கான ஹீமோகுளோபின் எல்லையையே எடுத்துக்கொள்வோம். "முதல், மூன்றாம் மும்மாதங்களில் 11.0, இரண்டாம் மும்மாதத்தில் 10.5. 500 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான இடங்களில் வசிப்பவர்களுக்கு அட்டவணைப்படி கழிக்கவும். 2024." இவ்வளவுதான். இருபது சொற்கள்கூட ஆகவில்லை. 'இந்த நோய் முக்கியமானது' என்ற வரியை எடுத்தாலே இதற்கு இடம் கிடைத்துவிடும்.

இதைச் சரிசெய்யும் முயற்சி நேற்று இன்று தொடங்கியதல்ல. 1987-இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு குழு, சுருக்கங்களை ஒரே பத்தியாக எழுதாமல் நோக்கம், முறை, முடிவு என்று தலைப்பு வாரியாக எழுதலாம் என்று முன்மொழிந்தது. 1993-இல் அதே இதழில் வழிகாட்டுதல்களுக்கென்றே தனித் தலைப்புகள் வந்தன. நோக்கம், இருக்கும் வழிகள், விளைவுகள், சான்று, மதிப்பீடுகள், நன்மை தீமை செலவு, பரிந்துரை, சரிபார்ப்பு, பணம் தந்தவர். 'மதிப்பீடுகள்' என்ற தலைப்பில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். யாருடைய விருப்பத்தை, யாருடைய வாழ்க்கையை மனதில் வைத்து இந்தப் பரிந்துரை எழுதப்பட்டது என்பதைச் சுருக்கத்திலேயே சொல்லுங்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் மற்ற வகைக் கட்டுரைகள் முந்திக்கொண்டன. நோயாளிகளிடம் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளின் சுருக்கத்துக்கு, எதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லும் கன்சார்ட் பட்டியல் 2008-இல் வந்தது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் முறையான மீளாய்வுகளின் சுருக்கத்துக்கு 2013-இல் பிரிஸ்மா பட்டியல், அதில் 12 அம்சங்கள். வழிகாட்டுதல்களை எப்படி எழுத வேண்டும் என்று 2017-இல் வந்த ரைட் பட்டியலில் 22 அம்சங்கள் இருக்கின்றன. தலைப்பிலேயே 'வழிகாட்டுதல்' என்ற சொல் வர வேண்டும், ஆண்டு வர வேண்டும், எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்லும் அந்தப் பட்டியல், சுருக்கத்துக்கு ஒதுக்கியது ஒரே ஓர் அம்சம். பரிந்துரைகளின் சுருக்கத்தைத் தாருங்கள், அவ்வளவுதான். எது எது அதில் இருக்க வேண்டும் என்ற விவரம் அங்கே இல்லை. பெரும்பாலோர் படிக்கும் ஒரே பகுதிக்கு ஒற்றை வரி போதாது என்பது என் கருத்து.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டுதல் நல்லதா என்பது ஒரு கேள்வி. அதை எடைபோட அக்ரீ என்ற கருவி இருக்கிறது. 2010-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ஆறு பிரிவுகள், 23 கேள்விகள். அதை ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. அருமையாக ஆராய்ந்து உருவாக்கிய வழிகாட்டுதலுக்கு மோசமான சுருக்கம் அமையலாம். அவசரத்தில் ஒப்பேற்றியதற்கு மிடுக்கான சுருக்கம் அமையலாம். போனில் படிப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

விட்டுப்போகும் விஷயங்களில் என்னை மிகவும் வருத்துவது பரிந்துரையின் வலு. கிரேட் என்றொரு முறை உண்டு. இன்று உலகில் பல அமைப்புகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதில் சான்றின் தரத்துக்கு நான்கு படிகள்: உயர்ந்தது, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. பரிந்துரைக்கு இரண்டே வகை: வலுவானது, வலுக் குறைந்தது. வலுவான பரிந்துரை என்றால், விவரம் தெரிந்த நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரும் அதையே தேர்ந்தெடுப்பார்கள் என்று பொருள். வலுக் குறைந்தது என்றால், பலர் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் வேண்டாம் என்பவர்களும் கணிசமாக இருப்பார்கள். அந்த இடத்தில் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். நோயாளியின் நிலைமையைக் கேட்க வேண்டும்.

ஆங்கில மூலத்தில் இந்த வித்தியாசம் ஒரு வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும். வலுவானதற்கு 'ரெகமெண்ட்', வலுக் குறைந்ததற்கு 'சஜஸ்ட்'. தமிழில் எழுதும்போது என்ன நடக்கிறது? இரண்டும் "பரிந்துரைக்கப்படுகிறது" ஆகிவிடுகிறது. அங்கிருந்து பயிற்சிக் குறிப்பில் "கொடுக்க வேண்டும்" ஆகிறது. ஊழியர் நோயாளியிடம் சொல்லும்போது "கண்டிப்பா வரணும்" ஆகிவிடுகிறது. பந்தலூர் பக்கத்து எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஒரு அம்மாவுக்கு அந்தக் 'கண்டிப்பா' என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் கூலி போகும். விடியலில் கிளம்பிப் பஸ் மாறி மாறிக் கோயம்புத்தூர் போய் வர ஒரு நாள் முழுதும் ஆகும், உடன் வருபவருக்கும் கூலி போகும். மூலத்தில் "இதை யோசிக்கலாம், நோயாளியின் விருப்பத்தைக் கேளுங்கள்" என்று இருந்த ஒன்றுக்காக அவர் கடன் வாங்குகிறார் என்றால், அவருக்கு உரிய முடிவை நாம் பறித்துவிட்டோம் என்றுதான் பொருள்.

இத்தனைக்கும் தமிழில் இதைச் சொல்ல வழி இல்லாமல் இல்லை. 'கொடுக்க வேண்டும்', 'கொடுப்பது நல்லது', 'கொடுக்கலாம்' மூன்றும் மூன்று எடை. வீட்டில் பாட்டி "கஷாயம் குடிக்கலாம்" என்பதற்கும் "குடிச்சே ஆகணும்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்குக்கூடத் தெரியும். செயப்பாட்டு வினையில் போய் ஒளிந்துகொள்ளும்போதுதான் அந்த எடை காணாமல் போகிறது. நான் இப்போது வலுவான பரிந்துரைக்கு 'வேண்டும்', வலுக் குறைந்ததற்கு 'லாம்' என்று உறுதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற சொல்லை என் குறிப்புகளிலிருந்து எடுத்தே விட்டேன்.

இந்தப் பாடம் எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அந்த 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து பற்றி இரண்டு பரிந்துரைகள் இருக்கின்றன. ஒன்று, தினமும் 30 முதல் 60 மில்லிகிராம். மற்றது, வாரம் ஒருமுறை 120 மில்லிகிராம். தொகுப்பு அட்டவணை ஒன்றிலிருந்து இரண்டையும் எடுத்து, "தினமும், அல்லது வாரம் ஒருமுறை" என்று எழுதி நாற்பது பிரதிகள் அனுப்பிவிட்டேன். பிறகு ஒருநாள் முழு ஆவணத்தைத் திறந்தபோது கை நடுங்கியது. வாரம் ஒருமுறை என்பது சூழலைப் பொறுத்த பரிந்துரை. தினசரி மாத்திரையைப் பக்கவிளைவால் ஏற்க முடியாதவர்களுக்கு, அதுவும் கர்ப்பிணிகளில் ரத்தசோகை 20 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள மக்களிடையே மட்டும். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த நிபந்தனை நமக்குப் பொருந்தவே பொருந்தாது. நம் நாட்டுத் திட்டம் சொல்வது நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு மாத்திரை, 180 நாட்கள். நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். மூன்று நாள் ஆயிற்று. ஒருவர் அதற்குள் இரண்டு பெண்களிடம் வாரம் ஒருமுறை போதும் என்று சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டுக்கே திரும்பப் போய் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தார், புண்ணியவதி.

நன்றாக எழுதிய சுருக்கம் எப்படி இருக்கும்? எங்கள் மலையோடு தொடர்புள்ள ஒன்றையே சொல்கிறேன். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்க்குக் காரணமான அரிவாள் அணு மரபுக்கூறு இந்தியாவில் முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். 1952-இல் லெமனும் கட்புஷும் அதை வெளியிட்டார்கள். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இந்த நோய் இன்றும் வாழ்க்கையின் ஒரு பகுதி. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல ஆண்டுகளாக இவர்களுக்குச் சிகிச்சை தந்துவருகிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இந்நோய்க்கென்றே ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது.

இந்த நோய்க்கு அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 2014-இல் வழிகாட்டுதல் எழுதியது. அதன் தொகுப்பு ஜாமா இதழில் வந்தது. அந்தச் சுருக்கத்தைப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவேன். ஐந்து வயது வரை தினமும் பெனிசிலின். 2 முதல் 16 வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை மூளை ரத்தக்குழாய்களில் ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன். வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ போன குழந்தைகளுக்குப் பக்கவாதத்தைத் தடுக்கத் தொடர்ந்து ரத்தம் ஏற்றுதல். பெரியவர்களில், 12 மாதத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ கடும் வலி வந்தவர்களுக்கு ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து. எது வலுவான பரிந்துரை, எதற்கு உயர்தரச் சான்று, எதற்கு நடுத்தரச் சான்று என்பது கூடவே வருகிறது. கடைசியில், போதிய சோதனைகள் நடக்காததால் மற்ற பல பரிந்துரைகளின் சான்று உயர்தரமானது அல்ல என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதல் இருப்பதால்தான் மற்ற வரிகளை நான் நம்புகிறேன்.

இவ்வளவு நல்ல சுருக்கத்திலும் நம் ஊருக்கு வேண்டிய ஒன்று இல்லை. இந்திய நோயாளிகளிடம் பெரும்பாலும் காணப்படுவது அரபு-இந்திய மரபு வகை. அவர்கள் ரத்தத்தில் கருநிலை ஹீமோகுளோபின், அதாவது கருவில் இருக்கும்போது உருவாகும் வகை, கூடுதலாக இருக்கும், அதனால் பலருக்கு நோயின் கடுமை குறையலாம். எல்லோருக்கும் அப்படி இல்லை, கடுமையாகத் துன்பப்படுபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர்களுக்கு எழுதிய சுருக்கம் இதைச் சொல்லவில்லை என்று குறை கூற மாட்டேன். ஆனால் 'யாருக்காக எழுதப்பட்டது' என்பது அதில் தெளிவாக இருந்தால், கூடலூரில் படிப்பவர் எந்த இடத்தில் நிதானிக்க வேண்டும் என்பதை அவரே கண்டுகொள்வார்.

பாம்புக்கடியிலும் இதே கதைதான். நம் நாட்டு விஷமுறிவு ஊசி நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு எதிராகத் தயாராவது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் குழிவிரியன்களின் விஷம் அதில் அடங்காது. மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய குழிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் கெடலாம், அந்த ஊசி கைகொடுக்காது. விஷம் ஏறியிருந்தால் விஷமுறிவு ஊசி போடவும் என்று மட்டும் சொல்லும் சுருக்கம் சமவெளிக்கு முக்கால்வாசி சரி, தேயிலைத் தோட்டத்துக்குப் பாதிதான் சரி.

பணம் யார் தந்தது, குழுவில் இருந்தவர்களுக்கு மருந்து நிறுவனத் தொடர்பு உண்டா என்பதும் பெரும்பாலும் உள்ளே எங்கோ கடைசிப் பக்கத்தில் கிடக்கும். 1993 தலைப்புகளில் இது இருந்தது. ரைட் பட்டியலும் முழு ஆவணத்தில் இதைக் கேட்கிறது. சுருக்கத்திலும் ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

என் அண்ணன் மகள் கதைக்கு வருகிறேன். அந்த மருத்துவர் கோபப்படவில்லை, சிஸ்டரை அலட்சியப்படுத்தவும் இல்லை. மதியம் சிக்னல் வந்ததும் முழு ஆவணத்தை இறக்கி, உயர அட்டவணையைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். மாத்திரையை விடாமல் தினமும் சாப்பிடச் சொன்னார், நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார். "அத்தை, அப்போ பன்னிரண்டுன்னா நல்லது இல்லையா?" என்று அவள் கேட்டாள். "கீழே மேட்டுப்பாளையத்துல இருந்தா நல்லதுதான்" என்றேன்.

அடுத்த முறை போனபோது, ரத்தம் எடுக்கும் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. சிஸ்டரின் கையெழுத்து. "நம்ம ஊர்: ஹெச்.பி.யில் 1.4 கழிக்கவும்." அதற்குக் கீழே, சிவப்பு மையில், "2024 கைட்லைன்படி."